45 எழுத்துச் சொல்லை உடைத்துப் பார்ப்போம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் கோட்டாற்றில் மாலை வேளையில் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அறிவியலும் ஆங்கிலமும் சொல்லித் தருகிறேன். சுசீந்திரம், மயிலாடி, தோவாளை, ஆளூர் என்று பல ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். வருசா வருசம் யாராவது ஒரு பிள்ளை பொது அறிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், ஆங்கில அகராதியிலேயே பெரிய சொல்லு இதாம், இத எப்படி வாசிக்க?" என்று நிற்கும். சொல் இதுதான்:

நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ்

ஆங்கிலத்தில் இதற்கு 45 எழுத்து. ஒரே மூச்சில் சொல்லப் போய்ப் பாதியில் திணறிச் சிரித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அப்படிப் போக விட எனக்கு மனமில்லை. இதற்குள் இலக்கணமும் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது, நம் மாவட்டத்துக் கல்தச்சர்களின் வாழ்க்கையும் இருக்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

எரிமலையிலிருந்து வரும் மிக நுண்ணிய சிலிக்காத் தூசியை (சிலிக்கா என்பது மணலிலும் கல்லிலும் இருக்கும் பொருள்) மூச்சோடு உள்ளிழுப்பதால் நுரையீரலுக்கு வரும் நோய். இவ்வளவுதான்.

எந்த இடத்தில் பிரிக்க வேண்டும்?

தோவாளையில் பூக்கட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு நீளச் சரமானாலும் கை ஒவ்வொரு முடிச்சாகத்தான் நகரும். இந்தச் சொல்லிலும் முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் துண்டு 'நியூமோனோ'. கிரேக்க மொழியில் 'நியூமோன்' என்றால் நுரையீரல். நிமோனியாக் காய்ச்சல் என்று நம் பாட்டிமார் வரைக்கும் சொல்கிறார்களே, அதே வேர்தான். அடுத்து 'அல்ட்ரா': லத்தீனில் 'அப்பால்', 'கடந்து'. பிறகு 'மைக்ரோ', கிரேக்கத்தில் சிறியது. 'ஸ்காப்பிக்' என்பது பார்ப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. இந்த மூன்றையும் சேர்த்தால் 'நுண்ணோக்கியில் பார்க்கக்கூடியதைவிடவும் சிறிய' என்று பொருள் வரும்.

'சிலிக்கோ' என்பது சிலிக்கா. லத்தீனில் தீத்தட்டிக் கல்லுக்குப் பெயர் 'சிலெக்ஸ்'. 'வால்கேனோ' எரிமலை. ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரிலிருந்து வந்தது. 'கோனி' என்பது கிரேக்கத்தில் தூசி. கடைசியில் வரும் 'ஓசிஸ்' ஒரு நிலையை, பெரும்பாலும் நோய்நிலையைச் சொல்லும் ஈறு.

கடைசி இரண்டு துண்டுகளை மட்டுமாவது மனதில் வையுங்கள். 'கோனி' தூசி, 'ஓசிஸ்' நோய்நிலை. சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முன்னால் வருவதெல்லாம் என்ன தூசி, எவ்வளவு சிறியது, எங்கிருந்து வந்தது, எந்த உறுப்பைப் பிடிக்கிறது என்பதற்கான அடைமொழி. தமிழிலும் அப்படித்தானே? 'பனங்கருப்பட்டிக் காப்பி' என்றால் கடைசியில் நிற்பது காப்பி.

மொத்தம் எத்தனை அசை?

ஆங்கிலக் கணக்கில் 19. எண்ணுவதற்கு நம் பிள்ளைகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, புள்ளி வைத்த எழுத்துகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மேலே நான் எழுதியிருக்கும்படி எண்ணினால் மொத்தம் 29 எழுத்து. அதில் புள்ளி எழுத்து 9. மீதி 20. அசைக்கு ஓர் உயிரொலி வேண்டும்; புள்ளி எழுத்தில் உயிர் இல்லை, அதனால் அது கணக்கில் சேராது.

அப்படியானால் 20 அல்லவா வருகிறது, 19 எப்படி என்று கேட்பீர்கள். முதலில் உள்ள 'நியூ' தமிழில் இரண்டு எழுத்து, ஆங்கில வாயில் ஒரே அசை. அதை ஒன்றாகக் கொண்டால் கணக்கு சரியாக வந்துவிடும்:

நியூ-மோ-னோ (3), அல்ட்-ரா (2), மைக்-ரோ-ஸ்காப்-பிக் (4), சி-லிக்-கோ (3), வால்-கே-னோ (3), கோ-னி-யோ-சிஸ் (4).

சின்னப் பிள்ளைகளாக இருந்தால் தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். தாடை எத்தனை தரம் கீழே இறங்குகிறதோ ஏறக்குறைய அத்தனை அசை.

செய்யுளில் அலகிடும்போது வரும் அசையும் இதுவும் ஒன்றா?

இந்தக் கேள்வி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் வரும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஒன்றில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஓர் அசை. நம் யாப்பில் நேர், நிரை என்று இரண்டு வகை; நிரையசை இரண்டு உயிரொலியை ஒன்றாக அணைத்துக்கொள்ளும். குறிலைத் தொடர்ந்து குறிலோ நெடிலோ வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே அசை. 'சிலிக்கோ' ஆங்கிலத்தில் மூன்று அசை. நமக்கு 'சிலிக்' நிரை, 'கோ' நேர். இரண்டே அசை, புளிமா.

ஒரு நாள் கரும்பலகையில் முழுச் சொல்லையும் அலகிட்டோம். நியூ/மோ/னோ: நிரை நேர் நேர், புளிமாங்காய். அல்ட்/ரா: நேர் நேர், தேமா. மைக்/ரோஸ்/காப்/பிக்: நான்கும் நேர், தேமாந்தண்பூ. சிலிக்/கோ புளிமா. வால்/கே/னோ தேமாங்காய். கோ/னியோ/சிஸ்: நேர் நிரை நேர், கூவிளங்காய். ஆக, யாப்புக் கணக்கில் 17 அசை. ஆங்கிலக் கணக்கில் 'நியூ'வை ஒன்றாக்க நாம் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. யாப்பில் அது குறில் நெடில் இணைந்த நிரையசையாகத் தானாகவே ஒன்றாகிவிடுகிறது. பலகையில் அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அயல்நாட்டுச் சொல் ஒன்றைப் புளிமாங்காய், தேமாந்தண்பூ என்று வாய்ப்பாடு சொல்லி வாசித்த அந்த மாலையில் அலகிடுதல் மேல் அவர்களுக்கு இருந்த பயம் போயிற்று. இரண்டு பெண்கள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அதையே தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனார்களாம்.

ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'பி' என்று இருக்கிறது. அதை ஏன் சொல்வதில்லை?

கிரேக்கர்கள் 'ப்' ஒலியையும் சேர்த்தேதான் சொன்னார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இன்றும் சொல்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டது, சொல்லின் தொடக்கத்தில் அப்படி இரண்டு மெய் சேர்ந்து வருவது ஆங்கில நாக்குக்கு ஒத்து வராததால். நமக்கும் சொல் முதலில் மெய்க்கூட்டம் ஒத்து வராது. ஆனால் நாம் வேறு வழி பார்த்தோம். 'ப்ரியா' பிரியா ஆனாள். 'ஸ்டூல்' நம் வீடுகளில் இஸ்டூல் ஆயிற்று. நாம் இடையிலோ முன்னாலோ ஓர் உயிரைக் கொடுத்து இளக்கினோம், அவர்கள் ஒரு மெய்யை ஒலிக்காமல் விட்டார்கள். சைக்காலஜி என்ற சொல்லிலும் முதலில் ஒலிக்காத 'பி' இருக்கிறது. தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லையே இல்லை. ஒலிப்பதை மட்டும் எழுதுகிறோம்.

அழுத்தம் எங்கே வர வேண்டும்?

தமிழில் ஓர் அசையை அழுத்துவதால் சொல்லின் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைத் தேடுவதும் இல்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் தவறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. இங்கே முக்கிய அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில்: கோனி-யோ-சிஸ். அதற்கு முன்னால் 'ஸ்காப்' மீதும் 'கே' மீதும் கொஞ்சம் அழுத்தம். 'ஓசிஸ்' என்று முடியும் நோய்ப்பெயர்கள் எல்லாவற்றிலும் அந்த 'ஓ'வில்தான் அழுத்தம் விழும்: சிலிக்-கோ-சிஸ், டியூபர்கு-லோ-சிஸ். ஒன்று தெரிந்தால் மற்றதும் வந்துவிடும்.

'நியூமோனோஅல்ட்ரா' என்று எழுதுவதா, 'நியூமோனோவல்ட்ரா' என்று எழுதுவதா?

தமிழ்ச் சொல்லின் நடுவே உயிரெழுத்து தனித்து நிற்காது. இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் உடம்படுமெய் வரும். இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் யகரம், ஏகாரத்துக்குப் பின் இரண்டில் ஒன்று, மற்றவற்றுக்குப் பின் வகரம். அந்த விதிப்படி 'னோ'வும் 'அ'வும் சேர்ந்தால் 'நியூமோனோவல்ட்ரா' என்பதே சரி. ஆனால் வேர் தெரிய வேண்டும் என்பதற்காக அறிவியல் எழுத்தில் 'அல்ட்ரா'வை அப்படியே விடுவதை நான் ஏற்கிறேன். பிள்ளைகளுக்கு 'அல்ட்ரா' தெரியும், 'வல்ட்ரா' தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசித் துண்டில் 'கோனி'யும் 'ஓசிஸ்'ஸும் சேர்கின்றன. நாம் எழுதுவது 'கோனியோசிஸ்'. அந்த ய் எங்கிருந்து வந்தது? இகரத்துக்குப் பின் வரும் யகர உடம்படுமெய்தான். விதியை நினைக்காமலே நம் கை அதை எழுதிவிட்டது. 'நுரையீரல்' என்ற சொல்லிலும் அதே ய் இருக்கிறது: நுரை, ஈரல், நடுவில் யகரம்.

நம் ஊர் நாக்குக்கு இதில் எது சிரமம்?

உண்மையைச் சொன்னால், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குக் கொஞ்சம் சுலபம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் 'காற்று', 'ஆற்றிலே' என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மலையாளத்தில் போல நாக்கு நுனி மேல்பல் ஈற்றில் ஒட்டிப் பிரியும். ஆங்கிலத்தின் 'டி' பிறக்கும் இடமும் அதுவே. 'அல்ட்ரா' என்று எழுதினாலும் நாக்கை 'பட்டம்' போல மடிக்க வேண்டாம். பாட்டி 'காற்று' என்று சொல்லும் இடத்தில் வையுங்கள்.

சிரமம் தருவது ககரமும் பகரமும். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வந்தால் நாம் 'பகல்', 'கோபம்' போல மெலிதாக்கிவிடுவோம். அதனால்தான் 'சிலிகோ', 'ஸ்காபிக்' என்று எழுதாமல் ஒற்று சேர்த்து 'சிலிக்கோ', 'ஸ்காப்பிக்' என்று எழுதுகிறேன். ஒற்று சேர்ந்தால் எழுத்து கூடும், அசை கூடாது.

எப்படி மனப்பாடம் செய்வது?

பின்னாலிருந்து. எல்லாரும் முன்னாலிருந்து தொடங்கி 'மைக்ரோஸ்காப்பிக்'கில் மூச்சு விடுவார்கள். முதலில் 'கோனியோசிஸ்' மட்டும் பத்துத் தரம். பிறகு 'வால்கேனோகோனியோசிஸ்'. பிறகு 'சிலிக்கோ'வை முன்னால் சேருங்கள். இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் தெரியாத துண்டில் தொடங்கித் தெரிந்த துண்டுக்குள் போய்ச் சேர்வீர்கள், வாய் தடுமாறாது. மூச்சு வாங்க வேண்டுமென்றால் 'ஸ்காப்பிக்' முடிந்ததும் வாங்குங்கள். நடுத்துண்டில் வாங்கினால் சொல் உடைந்துவிடும்.

இது உண்மையான மருத்துவச் சொல்லா?

நோய் உண்மை. சொல்லைக் கட்டியவர்கள் மருத்துவர்கள் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர் சங்கம் நியூயார்க்கில் கூடியபோது, அதன் தலைவர் எவரெட் ஸ்மித் நீளமான சொல் வேண்டும் என்பதற்காகவே இதைக் கோத்தார். செய்தித்தாளில் வந்தது, பிறகு பெரிய அகராதிகளிலும் ஏறிவிட்டது. எந்த மருத்துவரும் சீட்டில் இதை எழுதுவதில்லை. அவர்கள் எழுதுவது 'சிலிக்கோசிஸ்'. தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கெல்லாம் பொதுப்பெயர் 'நியூமோகோனியோசிஸ்'. அது மருத்துவர்களே உருவாக்கிப் பயன்படுத்தும் சொல். புதிர்க்காரர் செய்தது அதன் நடுவே அடைமொழிகளைச் செருகியது.

'அல்ட்ராமைக்ரோஸ்காப்பிக்' என்ற துண்டிலும் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறக்குறைய 0.2 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டும் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நுரையீரலின் ஆழம் வரை போகிற தூசியில் பெரும்பங்கு அதைவிடப் பெரிது, ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் அளவு. நுண்ணோக்கியில் தெரியும். வெறும் கண்ணுக்குத்தான் தெரியாது.

எரிமலையே இல்லாத ஊரில் இந்த நோய் எப்படி வரும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது மயிலாடியிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண். நம் நாட்டில் உயிருள்ள எரிமலை அந்தமானில் பாரன் தீவில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் துண்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள், 'கோனி' வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "தூசின்னா, அப்பா சட்டையில இருக்கே டீச்சர், அதுவா?"

அவள் அப்பா சிற்பி. மயிலாடியின் கல்சிற்ப வேலை எவ்வளவு பெயர்பெற்றது என்று நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பட்டறைக்குப் போனேன். பாதி முடிந்த ஒரு பிள்ளையார். உளி பட்ட இடங்களில் பெரிய பெரிய சில்லுகள் காலடியில் விழுந்துகிடந்தன. அவற்றால் ஆபத்து ஒன்றுமில்லை. துதிக்கையின் வளைவை கிரைண்டரால் இழைக்கத் தொடங்கியதும்தான் காற்றில் வெண்புகை போல எழுந்தது. ஒரு நிமிடத்தில் அவர் இமை மயிரெல்லாம் சாம்பல் நிறம். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்காவே. எரிமலை செய்கிற வேலையை இங்கே கிரைண்டரும் கட்டரும் செய்கின்றன. கல்குவாரியில் துளைபோடும் மிஷினும் கிரஷரும் செய்கின்றன. பெரிய துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும், சளியோடு வெளியே வந்துவிடும். சில மைக்ரோமீட்டர் அளவுத் துகள் மட்டும் நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை போய்விடுகிறது. அங்கே உடலின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய அணு செத்துப்போகிறது, துகள் சாகாமல் கிடக்கிறது. அடுத்த அணு வந்து விழுங்கும், அதுவும் சாகும். அந்த இடத்தில் தழும்பு கட்டிக்கொண்டே போய் நுரையீரல் விரிந்து சுருங்கும் தன்மையை இழக்கிறது. தழும்பானதைத் திரும்பப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் பத்து வருசத்துக்கும் மேல் தூசியில் வேலை செய்த பிறகுதான் இருமலும் மூச்சிரைப்பும் தெரியவரும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் பிடிக்கும் அபாயமும் அதிகம்.

துணி கட்டினால் போதுமா என்று அவர் மனைவி கேட்டார். போதாது. துண்டின் இழை இடைவெளி அந்தத் துகளுக்குக் கோட்டைவாசல் மாதிரி. முகத்தோடு இறுக ஒட்டும், நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். அதைவிட முக்கியம், தூசி எழாமல் பார்த்துக்கொள்வது: தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பது, இழைப்பது. வேலை முடிந்ததும் சட்டையை உதறாமல் நனைத்துத் துவைப்பது. அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காமல் இருப்பது. கல்வேலை செய்பவருக்கு நாள்பட்ட இருமல் இருந்தால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். என்ன வேலை, எத்தனை வருசம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். இந்தியாவில் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களில் சிலிக்கோசிஸும் ஒன்று.

இதைவிட நீளமான அறிவியல் சொல் உண்டா?

உண்டு என்றும் சொல்லலாம். நம் தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதத்தின் முழு வேதிப்பெயரை எழுதினால் 1,89,819 எழுத்து. எந்த அகராதியும் அதைச் சொல்லாக ஏற்கவில்லை.

மருத்துவர்கள் உண்மையாகவே பயன்படுத்தும் நீளச் சொல் வேண்டுமென்றால் 'சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம்', 30 எழுத்து. இதிலும் தொடக்கத்தில் ஒலிக்காத 'பி' இருக்கிறது, இரண்டு தரம். 'சூடோ' பொய், 'ஹைப்போ' குறைவு, 'பாரா' பக்கத்தில், 'தைராய்டு' கேடயம் போன்றது. பாராதைராய்டுச் சுரப்புக் குறைவு என்பது ஒரு நோய். அதைப்போலத் தோன்றும் பொய்க்குறைவு இன்னொன்று. அந்தப் பொய்யைப்போலத் தோன்றும் பொய் மூன்றாவது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள கனிமங்களின் பெயர்களையும் இப்படி உடைக்கலாமா?

தாராளமாக. 'மோனசைட்' என்பதன் வேர் கிரேக்கத்தில் 'தனித்திருத்தல்'. அதன் படிகங்கள் தனித்தனியாகக் கிடைத்ததால் வந்த பெயர். அதிலுள்ள தோரியம், வட ஐரோப்பியரின் இடிக்கடவுள் தோர் பெயரால் வந்தது. 'கார்னெட்' மாதுளை என்ற லத்தீன் சொல்லிலிருந்து. சிவப்பு மணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். 'ஐட்' என்று முடிந்தால் பெரும்பாலும் கனிமம்.

அந்த நீளச் சொல்லைத் தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல முடியுமா?

முடியும். 'எரிமலைநுண்சிலிக்காத்தூசிநுரையீரல்நோய்' என்று சேர்த்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஈடு வந்துவிடுகிறது. கிரேக்கமும் லத்தீனும் தெரியாத பிள்ளைக்கும் முதல் வாசிப்பிலேயே பொருள் புரியும். மூலச் சொல்லைக் கேட்கிற ஆங்கிலேயப் பிள்ளைக்குக்கூட அந்த வசதி இல்லை.

வகுப்பில் எல்லாரையும் ஆளுக்கொரு சொல் கட்டச் சொன்னேன். நீளமாக்குவதில் போட்டி போட்டார்கள். மயிலாடிப் பெண் மட்டும் நோட்டில் இரண்டே சொல் எழுதியிருந்தாள்: 'கல்தூசி இருமல்'. நுரையீரல் எங்கே, நுண்மை எங்கே என்று பக்கத்திலிருந்தவர்கள் கேட்டார்கள். "அப்பாக்குப் புரியணும்லா" என்றாள்.

"பரீட்சைத் தாள்ல சிலிக்கோசிஸ்னு எழுது மக்ளே, வீட்டுல இதச் சொல்லு" என்றேன். இப்போது அந்தப் பட்டறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் ஓடுகிறது.